மொட்டை மாடியில் சூரியனைக் குடிவைப்பது எப்படி?

வீட்டுக்கு சோலார் போடுவதென்று முடிவு செய்துவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். உங்கள் சார்பில் ஃபேஸ்புக் எப்போதோ முடிவு செய்திருக்கும். போன தடவை கரண்ட் பில் வந்தபோது வீட்டில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அன்று ராத்திரியே உங்கள் போனில் நீல நிறப் பலகையும், அதற்குப் பக்கத்தில் நின்று சிரிக்கும் ஒரு குடும்பமும் வந்துவிட்டன. போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறதோ என்று பயப்பட வேண்டியதில்லை. அதற்கு அந்த வேலையே தேவையில்லை. கரண்ட் பில் குறைய என்ன வழி என்று நீங்களேதான் அதில் தட்டிக் கேட்டீர்கள்.

இந்த வழிகாட்டியைச் சொன்னது சொன்னபடி பின்பற்றினால் இரண்டில் ஒன்று நிச்சயம். மாடியில் பேனல் ஏறும், அல்லது பேனல் ஏறாமல் வங்கிக் கணக்கிலிருந்து முன்பணம் மட்டும் இறங்கும். இரண்டுக்கும் பாதை ஒன்றுதான். கடைசித் திருப்பத்தில்தான் பிரிகிறது.

முதலில் நெட் வேண்டும்

வெயில் வாங்குவதற்கு நெட் எதற்கு என்று கேட்காதீர்கள். விண்ணப்பம் ஆன்லைன், மானியம் ஆன்லைன், இன்வெர்ட்டர் இன்றைக்கு எத்தனை யூனிட் உற்பத்தி செய்தது என்று காட்டும் ஆப்பும் ஆன்லைன். வீட்டில் வைஃபை இல்லாவிட்டால் சூரியன் வேலைக்கு வந்ததா இல்லையா என்றே உங்களுக்குத் தெரியாது.

நெட்டை இலவசமாகப் பெறும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 பிப்ரவரிக்குத் திரும்பிப் போக வேண்டும். அப்போது ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம் வைத்திருந்த ஆறு மாநிலத்துக்காரர்களுக்கு, இன்டர்நெட்.ஆர்க் என்ற பெயரில் ஃபேஸ்புக் காசில்லாமல் நெட் கொடுத்தது. ஆறில் தமிழ்நாடும் ஒன்று. என்ன, திறந்தால் அவர்கள் பொறுக்கி வைத்திருந்த சில தளங்கள்தான் வரும். பிறகு அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், நெட் இல்லாத ஏழைகளுக்காகப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். ஆதரவாக, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குக் கடிதம் அனுப்ப உங்கள் ஃபேஸ்புக் பக்கத்திலேயே பட்டனும் வைத்தார்கள். நீங்கள் அழுத்தினால் போதும், கடிதத்தை அவர்களே எழுதித் தருவார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று டிராய் சொல்லிவிட்டது. கடை மூடியது. ஏழைகளின் மேல் வந்த அக்கறையும் கூடவே போய்விட்டது.

அதே 2016இல் அந்த நிறுவனம் இன்னொரு காரியமும் செய்தது. அக்விலா என்ற ஆளில்லா விமானத்தை அரிசோனாவில் பறக்க விட்டது. போயிங் 737ஐ விட அகலமான இறக்கை. சூரிய ஒளியிலேயே மாதக்கணக்கில் வானத்தில் சுற்றிக்கொண்டு, கீழே இருக்கும் ஊர்களுக்கு நெட்டைப் பொழியும் என்பது திட்டம். முதல் பறப்பில் தரையிறங்கும்போதே இறக்கை முறிந்தது. 2018இல் விமானம் கட்டும் வேலையைக் கைவிட்டுவிட்டார்கள். வெயில், நெட், விளம்பரக் கம்பெனி மூன்றும் அப்போது ஒரே வாகனத்தில் ஏறின. அந்த வண்டி தரையிறங்க முடியாமல் போனதால்தான் இப்போது மூன்றும் உங்கள் மாடிப்படி ஏறுகின்றன.

கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2016 தொடக்கத்தில் மும்பை சென்ட்ரலில் ஆரம்பித்து 400க்கு மேற்பட்ட ரயில் நிலையங்களில் இலவச வைஃபை வைத்தது. 2020இல், டேட்டாதான் மலிவாகிவிட்டதே என்று சொல்லி விலகிக்கொண்டது. மலிவாக்கியது ஜியோ. 2016 செப்டம்பர் 5 அன்று கடை திறந்து, 2017 மார்ச் வரை காசே வாங்காமல் ஊட்டிவிட்டார்கள். பழக்கமானது. 2024 ஜூலையில் பெரிய நிறுவனங்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றியபோது யாரும் போனைத் தூக்கி எறியவில்லை. எறிய முடியாது, ரேஷன் கடையிலிருந்து பள்ளிக்கூட வீட்டுப்பாடம் வரை எல்லாம் அதற்குள் போயாகிவிட்டது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கெல்லாம் ஃபைபர் கேபிள் என்று மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 2011இல். 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மரம் ஏறினார்கள்.

ஆகவே, காசு கொடுத்தே நெட் வாங்கிக்கொள்ளுங்கள். தினசரி டேட்டாவில் ஒரு பங்கை விளம்பரத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ‘கரண்ட் பில் இனி ஜீரோ’ என்று போனில் ஓடும் வீடியோ உங்கள் ரீசார்ஜில்தான் ஓடுகிறது. அந்தக் காலத்தில் விளம்பரத் தட்டி வைப்பவர் சுவருக்காவது வாடகை கொடுத்தார்.

விளம்பரத்தை அழுத்துவது

இணையத்தின் முதல் பேனர் விளம்பரம் 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற தளத்தில் வந்தது. பார்த்த நூறு பேரில் 44 பேர் அதை அழுத்தினார்கள் என்று சொல்வார்கள். இன்று நூற்றுக்கு ஒருவர் அழுத்தினாலே ஆபீசில் கேக் வெட்டுவார்கள். அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும்.

நல்ல சோலார் விளம்பரத்தை அடையாளம் காண்பது சுலபம். மேலே தேசியக் கொடியின் வண்ணம். நடுவில் பிரதமர் படம், அவர் அனுமதி கொடுத்தாரா என்பது நமக்கெதற்கு. கீழே ‘கடைசி 3 நாட்கள்’. மாடி சோலாருக்கு மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டத்தை 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஏற்றது. ஒரு கோடி வீடுகளுக்கு, 75,021 கோடி ரூபாயில், 2026-27 நிதியாண்டு வரைக்கும் என்பது கணக்கு. அந்தக் கடைசி மூன்று நாள் மட்டும் 2024இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அழுத்தியதும் ஒரு படிவம் வரும். பெயர், போன் நம்பர், பின்கோடு. அப்புறம், ‘உங்கள் மாத மின்கட்டணம் எவ்வளவு?’ இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மாத மின்கட்டணம் கிடையாது. நமக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. படிவத்தை எழுதியவர் எந்த ஊரிலோ உட்கார்ந்து எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார். நீங்கள் கையிலிருக்கும் பில்லைப் பார்த்து 3,000 என்று போடுகிறீர்கள். அது மாதம் 3,000 என்று எடுத்துக்கொண்டு, பன்னிரண்டால் பெருக்கி, வருடத்துக்கு 36,000 மிச்சம் என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது. வருடத்துக்கு நீங்கள் கட்டுவதே 18,000தான். கட்டாத பணத்தையும் மிச்சப்படுத்திக் கொடுக்கும் தொழில்நுட்பம் உலகில் வேறு எங்கும் இல்லை. மறுபேச்சு பேசாமல் ‘சமர்ப்பி’யை அழுத்துங்கள்.

இனி உங்கள் பெயர் வாடிக்கையாளர் இல்லை, ‘லீட்’. லீட் என்பது ஒரு சரக்கு. அதை ஒரே ஆளுக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டமில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் சட்டம் வந்தது, அதற்கு விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு. அதுவரை போன் அடிக்கும். எடுத்துப் பேசுங்கள்.

“வணக்கம் சார், சோலார் என்கொயரி போட்டிருந்தீங்களா சார்?”

“ஆமாங்க.”

“ஓன் ஹவுஸா சார், ரென்டா சார்?”

“வாடகைதான். ஆனா மாடி...”

அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டுவிட்டது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த வழிகாட்டி இங்கேயே முடிகிறது. அவர்களுக்குச் சூரியன் துணி காயவைக்க மட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த ஃபிளாட் வைத்திருப்பவர்கள் இன்னும் சில வரி தொடரலாம். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் அசோசியேஷன் கூட்டத்தில் பேச வேண்டும். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற பொதுத் தேவைக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. கார் பார்க்கிங் தகராறு முடிந்தபின் அதைப் பேசலாம் என்று செகரட்டரி சொல்வார்.

ஒரு சின்னக் குறிப்பு. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம் மோசடி விளம்பரங்களாலும் தடை செய்யப்பட்ட சரக்குகளின் விளம்பரங்களாலும் வரும் என்று அந்நிறுவனமே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்ததாக, 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது. அது கூட்டிப் போட்ட உத்தேசக் கணக்கு என்று மெட்டா சொன்னது. நமக்கும் உத்தேசமே போதும். விளம்பரத்துக்குக் கீழே நீல டிக் இருக்கிறதே என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைத்தேன்.

சர்வேக்கு ஆள் வருவார்

காலர் வைத்த டி-ஷர்ட், கையில் டேப், கழுத்தில் அடையாள அட்டை. காபி கொடுங்கள். மாடிக்கு ஏறியதும் அவர் முதலில் பார்ப்பது சிண்டெக்ஸ் டேங்க். நீங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும். பேனல்களை ஒன்றோடொன்று தொடராக இணைப்பார்கள். ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் தளர்ந்துபோகும். மூன்று மணிக்கு டேங்கின் நிழல் எங்கே விழுகிறது, பக்கத்து வீட்டுத் தென்னை எந்தப் பக்கம் சாய்கிறது, அடுத்த வருடம் எதிர்வீட்டுக்காரர் மேலே ஒரு மாடி எழுப்பப் போகிறாரா என்பதெல்லாம் கேள்விகள். இவற்றைக் கேட்கிற ஆள் வந்தால் அவரை விடாதீர்கள். கேட்காமல், “சூப்பர் லொகேஷன் சார்” என்பவர்தான் பெரும்பாலும் வருவார்.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். மூன்று கிலோவாட்டுக்கு ஆறு பெரிய பேனல்கள், முன்னூறு சதுர அடி. வடாம் காயப்போடும் இடம் போய்விடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது தொழில்நுட்ப ஆலோசனைதான்.

“நம்ம ஊர் வெயிலுக்கு சோலார் பிச்சுக்கிட்டு ஓடும் சார்” என்பார். பாதி உண்மை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. பேனலின் முதுகில் எழுதியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரை மத்தியானத்தில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். எழுதியதில் எட்டில் ஒரு பங்கு அப்போதே ஆவியாகிவிடும். ஆண்டு முழுக்கச் சராசரி போட்டால் கிலோவாட்டுக்கு நாளைக்கு நான்கு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தரை, ஆறு என்று அவர் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் படித்துப் பார்க்கலாம்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். எல்லோரும் கேட்பதுதான்.

“கரண்ட் போனாலும் சோலார்ல ஃபேன் ஓடும்ல?”

அவர் ஒரு கணம் டேங்கைப் பார்ப்பார். “ஓடும் சார். ஹைபிரிட் போட்டா ஓடும்.”

அந்த இரண்டாவது வாக்கியம் சில சமயம் வரும், சில சமயம் வராது. வராதவர்களால் ஏற்படும் அனுபவத்தைச் சொல்கிறேன். மே மாதம், பகல் பன்னிரண்டு மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். தெருவில் கரண்ட் போகிறது. மாடியில் இரண்டு லட்ச ரூபாய் பேனல் சூரியனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. கீழே நீங்கள் விசிறி மட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் பழைய பேட்டரி இன்வெர்ட்டர் வைத்திருப்பவர் ஃபேன் காற்றில் தூங்குகிறார். உங்கள் வீட்டில் மாட்டியது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். லைனில் கரண்ட் இருந்தால்தான் அது வேலை செய்யும். லைன் செத்ததும் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. காரணமும் நியாயமானது. டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது, உங்கள் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். இது பழுது கிடையாது, அதன் குணமே அதுதான். மானியத்தில் பெரும்பாலும் போடப்படுவதும் இதுதான். கரண்ட் கட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். விலை நன்றாக ஏறும், பேட்டரிக்கென்று கூடுதல் மானியம் கிடையாது. எந்த விளம்பரத்திலும் கரண்ட் கட் வராது, கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சிரிக்கும் குடும்பம் எப்போதும் கரண்ட் இருக்கும்போதே சிரிக்கிறது.

கணக்குப் போடக் கூடாது

இதுதான் மிக முக்கியமான விதி. மீறினால் வியாபாரம் கெட்டுவிடும். மீறுவது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

மானியம் தெளிவானது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000. திட்டத்தின் பெயரிலேயே இலவச மின்சாரம் இருக்கிறது, மாதம் 300 யூனிட் வரை. அந்த 300 யூனிட்டை டெல்லியிலிருந்து யாரும் அனுப்புவதில்லை. நீங்கள் காசு போட்டு வைத்த பேனல் தருவது. மூன்று கிலோவாட், நாளைக்கு 12 யூனிட், மாதம் 360. சொந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீருக்கு ஊராட்சி பில் போடாத மாதிரி.

நம் மாநிலத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் 2016இலிருந்தே வீடுகளுக்கு இலவசம். அதற்கு மேலும் 500க்குள் நிற்கிறவர்களுக்கு அரசு மானியத்தால் விலை மிகக் குறைவு. 2025 விலையில் 200 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு பில் சுமார் 235 ரூபாய், வருடத்துக்கு ஆயிரத்து நானூறு. இந்த வீட்டுக்காரர் விளம்பரத்தைப் பார்த்து ஒரு கிலோவாட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போகக் கையிலிருந்து நாற்பதாயிரமாவது போகும். போட்ட காசு திரும்ப வர முப்பது வருடத்துக்குப் பக்கம் ஆகும். பேனலுக்கு உத்தரவாதம் 25 வருடம். இன்வெர்ட்டரை அதற்குள் ஒரு தடவையாவது மாற்ற வேண்டும்.

400 யூனிட் வீடு, நம்மில் பலருடைய வீடு. பில் 1,200 ரூபாய்க்குள். மூன்று கிலோவாட்டுக்கு இரண்டு லட்சம் என்று வைத்து, 78,000 கழித்தால் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம். வருடத்துக்கு ஏழாயிரம் மிச்சம். பதினேழு வருடம். மாடியில் மீதமாகும் கரண்டை லைனுக்கு விற்று லாபம் பார்க்கலாமே என்று ஆசைப்பட வேண்டாம். நீங்கள் வாங்கும் விலைக்கு மின்வாரியம் உங்களிடம் வாங்காது.

மூன்றாவது வீடு. மூன்று படுக்கையறையிலும் ஏசி. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட். பில் ஏழாயிரத்தை ஒட்டி வருகிறது. ஏனென்றால் மேலே போகப்போக யூனிட் விலை எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறுகிறது. இந்த வீட்டில் அதே மூன்று கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 720 யூனிட் கழிந்துவிடும். மிச்சம் 280. பில் அறுநூற்றுச் சொச்சம்தான். 500க்குக் கீழே இறங்கிவிட்டதால், ஏழைபாழைகளுக்கென்று வைத்த மானிய விலையும் இவருக்குக் கிடைத்துவிடுகிறது. வருடத்துக்கு முப்பத்தேழாயிரம் மிச்சம். மூன்றே கால் வருடத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும். பிறகு இருபது வருடத்துக்கு மேல் கொண்டாட்டம்.

ஆக, சோலார் நல்ல முதலீடு. யாருக்கு என்பதுதான் கேள்வி. விளம்பரத்தில் மட்டும் ஏசி வீட்டுக்காரர் வருவதில்லை. ஓட்டு வீட்டு வாசலில் நிற்கும் பாட்டிதான் வருகிறார்.

பேனல் ஏமாற்று என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேனல் விலை 2010க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சுமார் 90 சதவீதம் இறங்கியது. இவ்வளவு வேகமாக விலை இறங்கிய பொருட்கள் அபூர்வம். பாகிஸ்தான் 2024இல் ஒரே வருடத்தில் ஏறக்குறைய 17,000 மெகாவாட் பேனல் இறக்குமதி செய்தது. அது மானியம் கொடுத்துக் கெஞ்சியதால் வந்ததில்லை. கரண்ட் விலையே ஜனங்களை மாடிக்குத் துரத்தியது. நம் ஊரில் கரண்ட் மலிவாக இருக்கும் வீடுகளில் சோலார் விலைபோகாமல் இருப்பதும் அதே நியாயத்தால்தான். விழிப்புணர்வு போதவில்லை என்று கருத்தரங்கில் பேசுபவர்கள் அந்த வீட்டு பில்லை ஒரு தடவை வாங்கிப் பார்க்கலாம்.

அரசு இலக்குகளை நம்புவது

இதற்கு அதிகப் பயிற்சி தேவையில்லை, நமக்கு ஏற்கெனவே பழக்கம். 2012இல் தமிழ்நாடு அரசு சூரியசக்திக் கொள்கை வெளியிட்டது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்றது. வரவில்லை. 2019இல் இன்னொரு கொள்கை, 2023க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் வீடுகளும் கடைகளும் ஆலைகளும் தங்கள் இடத்திலேயே தயாரிப்பது என்றது. மத்திய அரசு 2022க்குள் நாடு முழுக்கக் கூரைகளில் 40,000 மெகாவாட் என்றது. கால் பங்கைக்கூட எட்டவில்லை. கூரைக்குப் பதிலாகத் தரையில் வந்தது. ராமநாதபுரம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், ஒரே முதலாளி. உங்கள் மாடியில் மூன்று கிலோவாட் ஏற்றுவதை விட அது சுலபம் போலிருக்கிறது.

பிறகு செய்ய வேண்டியவை

பேனல் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருவழி மீட்டர் வரும்வரை அது மாடி அலங்காரம். மீட்டர் மாட்ட ஈபி ஆபீசுக்குப் போனால் உதவிப் பொறியாளர் சைட்டுக்குப் போயிருப்பார். மறுநாள் மீட்டர் ஸ்டாக் இல்லை. பத்து கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை என்று 2024இல் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. அதை அங்கே சொல்லிப் பாருங்கள், மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். மானியம் உங்கள் கணக்குக்கு வருவது எல்லாம் முடிந்து, ஆய்வும் முடிந்த பிறகுதான். அதுவரை முழுப்பணமும் உங்களுடையது அல்லது வங்கியுடையது.

கழுவ வேண்டும். தூசி, காக்கை எச்சம், பக்கத்தில் கட்டடம் கட்டினால் சிமென்ட். போர் தண்ணீரில் கழுவாதீர்கள், உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து அதுவே ஒரு நிழலாகிவிடும். கொதிக்கும் மத்தியானத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். காலை ஆறு மணிக்குத்தான் ஏற வேண்டும். ‘பராமரிப்பே தேவையில்லை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்ததே என்றால், போட்டவர் கழுவப்போவதில்லை. கடலோர மாவட்டமாக இருந்தால் ஸ்டாண்டு எத்தனை மைக்ரான் கால்வனைஸ் செய்தது, புயலுக்கு எப்படி முளை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். வர்தா, கஜா புயல்களைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, ஏசி வீட்டுக்காரரான நீங்கள் போடலாம் என்று முடிவு செய்தால் தாராளமாகப் போடுங்கள். இரண்டு வருட ஈபி பில்லை எடுத்து யூனிட்டைக் கூட்டுங்கள், ரூபாயை அப்புறம் பார்க்கலாம். விண்ணப்பத்தை அரசின் தேசியத் தளத்தில் நீங்களே செய்யுங்கள். பதிவு செய்த விற்பனையாளர் பட்டியல் அங்கேயே இருக்கிறது. மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல்லும் பேனலும்தான் செல்லும் என்பதால், அதை பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் ஒரு வீட்டுக்குப் போய், கரண்ட் கட்டின்போது என்ன நடக்கிறது என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். ஐயாவிடம் கேட்டால் வாங்கியதை விட்டுக்கொடுக்காமல் பேசுவார்.

விளம்பரத்தில் வந்த லிங்க்கில் ‘மானியப் பதிவுக் கட்டணம்’ என்று யாராவது கேட்டால், அப்படி ஒரு கட்டணமே கிடையாது. போலித் தளங்களைப் பற்றி மத்திய அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சோலார் பெயரில் முன்பணம் வாங்கிய மோசடி 2013இல் கேரளத்தில் முதல்வர் அலுவலகம் வரை போய் ஆட்சியையே ஆட்டியது. நெட் அவ்வளவாக இல்லாத காலத்திலேயே அது நடந்தது. இப்போது ஜிபேயில் ஒரு தட்டு போதும்.

அப்படி ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? இந்தக் கட்டுரையை இங்கே நிறுத்திவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கிடைக்காது.